சைனஸ் லிஃப்ட்டா, குட்டை இம்ப்ளான்ட்டா, பிரிட்ஜா? சுகர், ரத்த மெலிவு மருந்து, சைனஸ் கோளாறு உள்ளவர்களுக்கான ஒப்பீடு

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிச் சில வருடம் அப்படியே விட்டவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால், பல் இருந்த இடத்தில் எலும்பு 4 அல்லது 5 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருப்பது சாதாரணம். ஈறுப் பக்கம் எலும்பு கரைந்திருக்கும். மேலே கன்னத்துக்குள் உள்ள காற்றறையான சைனஸ் கீழே இறங்கியிருக்கும். செயற்கைப் பல்லைத் தாங்க எலும்புக்குள் பதிக்கும் திருகான இம்ப்ளான்ட், வழக்கமான 10 மி.மீ. நீளத்தில் நிற்க அங்கே இடமில்லை. “சைனஸ் லிஃப்ட் பண்ணிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம்” என்ற பேச்சு அப்போதுதான் வருகிறது. சைனஸின் அடியில் ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, கீழே கிடைக்கும் இடத்தில் எலும்புத்தூளை நிரப்புவதே இந்தச் சிகிச்சை. அமெரிக்காவில் பல் டாக்டர் ஹில்ட் டேட்டம் 1970களில் தொடங்கியது இது. பாயினும் ஜேம்ஸும் 1980இல் இதைப் பற்றி முதல் கட்டுரை வெளியிட்டார்கள்.

நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இது நம்பிச் செய்யக்கூடிய அறுவை சிகிச்சை. ஆனால் நல்ல பலனைக் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை கட்டுப்பாடில்லாத சுகர், நடப்பில் உள்ள சைனஸ் நோய், எலும்புக்கான ஊசி மருந்து ஆகியவை உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டு நடந்தவை. அந்தச் சதவீதங்களை இவர்களுக்கு அப்படியே சொல்வது சரியாகாது. இவர்கள் விஷயத்தில் சைனஸைத் தொடாமலே காரியம் முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாது என்றால்தான் உள்ளே போக வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த வரிசையில்தான் போகிறது.

எந்த ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்வது

முழுத் தாடையையும் தட்டையாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே போதாது. அதில் எலும்பின் அகலம் தெரியாது, சைனஸுக்குள் உள்ள வீக்கமும் சரியாகத் தெரியாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். அதிலும் பல் இருந்த இடத்தை மட்டும் எடுத்த சின்ன ஸ்கேன் இங்கே உதவாது. சைனஸின் சளி மூக்குக்குள் வடியும் துவாரம் சைனஸின் தரையிலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அது திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று தெரியாமல் லிஃப்ட் செய்வதைவிடப் பெரிய தவறு இந்தச் சிகிச்சையில் இல்லை. ஸ்கேன் சென்டருக்கு எழுதும் சீட்டிலேயே “இரு பக்க சைனஸும், மேல் துவாரம் வரை” என்று எழுதச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் பார்க்க வேண்டியவை மீதி எலும்பின் உயரம், சவ்வின் தடிப்பு, உள்ளே குறுக்குச் சுவர் இருக்கிறதா என்பது (ஏறத்தாழ மூன்றில் ஒரு சைனஸில் இருக்கும்), வெளிச்சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாயின் தடிமன், பக்கத்துப் பல்லின் வேரில் சீழ் இருக்கிறதா என்பது.

மி.மீ. கணக்கு

மீதி எலும்பு 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 6 மி.மீ. நீளக் குட்டை இம்ப்ளான்ட் போதும். 5 முதல் 7 மி.மீ. எலும்பு இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 6 மி.மீ. இம்ப்ளான்ட்டும் மறு குழுவுக்கு சைனஸ் லிஃப்ட்டுடன் நீள இம்ப்ளான்ட்டும் வைத்துப் பார்த்த பல மைய ஆய்வில், ஐந்து வருட முடிவில் இரண்டு குழுவிலும் 98 சதவீதத்துக்கு மேல் இம்ப்ளான்ட்டுகள் நிலைத்திருந்தன. குட்டைக் குழுவில் அறுவை நேரமும் செலவும் குறைவு. குட்டை இம்ப்ளான்ட்டின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈறு நோயால் 2 மி.மீ. எலும்பு கரைந்தால் 10 மி.மீ. இம்ப்ளான்ட்டுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு, 6 மி.மீ.க்கு மூன்றில் ஒரு பங்கு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கும், ஈறிலிருந்து ரத்தம் வருவதைக் கவனிக்காதவருக்கும் இது நல்ல தேர்வல்ல. வைப்பதானால் 4.5 மி.மீ.க்குக் குறையாத விட்டத்தில் வைத்து, அடுத்தடுத்து இரண்டு இருந்தால் கேப்புகளை ஒன்றாக இணைத்துவிடுவது பாதுகாப்பு.

5 முதல் 8 மி.மீ. வரை எலும்பு இருந்து கூடுதலாக 2, 3 மி.மீ. மட்டும் வேண்டுமென்றால், இம்ப்ளான்ட் துளை வழியாகவே சவ்வைத் தூக்கலாம். சம்மர்ஸ் 1994இல் விவரித்த முறை இது. சைனஸ் தரைக்கு 1 மி.மீ. கீழே வரை துளையிட்டு, மீதியை ஆஸ்டியோடோம் என்ற உளி போன்ற கருவியால் தட்டி உடைத்து மேலே தள்ளுவார்கள். பக்கவாட்டுச் சுவரில் ஜன்னல் வெட்ட வேண்டியதில்லை, வீக்கமும் குறைவு. சவ்வைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் இதன் குறை. ரோசன் குழு 1999இல் வெளியிட்ட கணக்கில், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இருந்தபோது 96 சதவீத இம்ப்ளான்ட்டுகள் நின்றன. 4 மி.மீ. அல்லது குறைவாக இருந்தபோது அது 85.7 ஆக இறங்கியது. எலும்பு குறைவான இடத்தில் “சின்ன லிஃப்ட்லயே முடிச்சிடலாம்” என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியலால் தட்டுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. தலை சுற்றல் நோய், அதாவது படுத்தால் திரும்பினால் உலகமே சுழலும் வகை, ஏற்கெனவே இருந்தவருக்கு அதிர்வில் உள்காதின் துகள்கள் இடம் பெயர்ந்து அது திரும்ப வரலாம். இவர்களுக்கு எலும்பைத் தட்டாமல் எதிர்த்திசையில் சுழன்று அமுக்கும் டென்சா பர்கள் (துளையிடும் முனைகள்) உள்ள இடத்தில் செய்துகொள்வது நல்லது.

எலும்பு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் பக்கவாட்டு ஜன்னல் முறைதான் உண்மையான லிஃப்ட். ஈறைத் திறந்து, சைனஸ் தரைக்கு 2, 3 மி.மீ. மேலே தொடங்கிச் சுவரில் ஜன்னல் வெட்டுவார்கள். வழக்கமான பர்ரைவிட, அல்ட்ராசவுண்ட் அதிர்வில் எலும்பை வெட்டும் பீசோ கருவியில் சவ்வு கிழியும் வாய்ப்பு குறைவு. ஆரோக்கியமான சவ்வு 1 மி.மீ. தடிமன்கூட இருக்காது, முட்டை ஓட்டின் உள்தோல் மாதிரி. இந்த வேலையைப் பழகும் டாக்டர்கள் பச்சை முட்டையில்தான் பழகுகிறார்கள். முதலில் தரையிலிருந்து, பிறகு முன்சுவரிலிருந்து, கடைசியாக மூக்குப் பக்கச் சுவரிலிருந்து சவ்வைப் பிரிக்க வேண்டும். மூக்குப் பக்கத்தை விட்டுவிட்டால் அந்தப் பக்கமிருந்து எலும்புத்தூளுக்கு ரத்தம் வராது, அங்கே எலும்பு உருவாவதும் தாமதமாகும். ஒரு பல் இடத்துக்கு அரை முதல் 1 கிராம், இரண்டு பல்லுக்கு 2 கிராம் அளவில் தூள் பிடிக்கும். அழுத்தி அடைத்தால் சவ்வு நசுங்கி அழுகும். மீதி எலும்பு 4 மி.மீ. இருந்து இம்ப்ளான்ட் அப்போதே கெட்டியாகப் பிடித்தால் அதே நாளில் வைக்கலாம். இல்லையென்றால் ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருந்து இரண்டாம் அறுவையில் வைக்க வேண்டும். பிடிப்பில்லாத இடத்தில் அவசரப்பட்டு வைத்த இம்ப்ளான்ட் சைனஸுக்குள்ளேயே போய்விடும், அதை எடுக்க ஈஎன்டி அறுவை தேவைப்படும்.

கடைசி வரிசையில் இருப்பது, பக்கத்துப் பற்களில் ஊன்றி இடைவெளியை மூடும் பிரிட்ஜும் கழற்றி மாட்டும் பல் செட்டும். இவற்றைத் தோல்வி என்று பார்க்கக் கூடாது. இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் ஏற்கெனவே கேப் போட்டிருந்தால் பிரிட்ஜ் சரியான வேலை. கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் போயிருந்தால் ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். முன்கடைவாய்ப்பற்கள் வரை இருந்தாலே பெரும்பாலோருக்கு மெல்லும் வேலை நடந்துவிடும் என்பதை நெதர்லாந்தின் பல் டாக்டர் கெய்சர் 1981இலேயே எழுதினார்.

சைனஸே நோயில் இருந்தால்

இந்த ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். சைனஸின் உள்தோலில் உள்ள நுண்மயிர்கள் சளியை மேல் துவாரத்தை நோக்கி ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கின்றன. லிஃப்ட் செய்ததும் சவ்வு சில வாரம் வீங்கியிருக்கும். துவாரம் ஏற்கெனவே குறுகியிருந்தால் அந்த வீக்கத்தில் அது அடைபட்டுவிடும். தேங்கிய சளியில் கிருமி பெருகி, கீழே நிரப்பிய தூளும் சேர்ந்து சீழாகும்.

ஆனால் ஸ்கேனில் நிழல் தெரிந்ததுமே பயப்படத் தேவையில்லை. கோளவடிவில் குவிமாடம் போல எழும்பிய, தொந்தரவு தராத நீர்க்கட்டி அடிக்கடி தென்படும். துவாரம் திறந்திருந்தால் அது இருக்கும்போதே லிஃப்ட் செய்யலாம், அல்லது உள்ளிருக்கும் நீரை ஊசியால் உறிஞ்சிவிட்டுச் செய்யலாம். 2 மி.மீ. வரை தடித்த சவ்வு மெல்லிய சவ்வைவிடக் கையாள எளிது. 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால், நீர்மட்டக் கோடு தெரிந்தால், முழு சைனஸும் மூடியிருந்தால் முதலில் ஈஎன்டி டாக்டர். ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் அந்தப் பக்கப் பல் வேரைச் சந்தேகியுங்கள். வேர்ச்சிகிச்சை செய்தோ பல்லை எடுத்தோ சரிப்படுத்திய பிறகு மூன்று முதல் ஆறு மாதத்தில் பல சைனஸ்கள் தானே தெளிந்துவிடும். நிழலுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி இருந்தால், பழைய வேர்ச்சிகிச்சையில் உள்ளே தள்ளப்பட்ட பேஸ்ட்டைச் சுற்றிப் பூஞ்சை உருண்டை வளர்ந்திருக்கலாம். அதை எடுக்காமல் எந்த லிஃப்ட்டும் கூடாது. எண்டோஸ்கோப் சைனஸ் அறுவை நடந்திருந்தால் குறைந்தது மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேன் எடுத்து, சுத்தமாக இருந்தால் மட்டும் அடுத்த படி.

மூக்கில் பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்தவருக்குக் குட்டை இம்ப்ளான்ட்டோ பிரிட்ஜோதான் எங்கள் பரிந்துரை. வலிக்கு இவர்களுக்கு ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் ஆகாது.

சுகர்

மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 7க்குக் கீழே இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கிறது. 7க்கும் 8க்கும் நடுவே இருந்தால் குட்டை இம்ப்ளான்ட் அல்லது துளை வழி லிஃப்ட். 8க்கு மேல் என்றால் மூன்று மாதம் தள்ளிப்போட்டுச் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது நல்லது. இதில் அவசரம் எதுவும் இல்லை. கட்டுக்குள் இல்லாத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் மேல்தாடையும் சைனஸும் என்ன ஆகும் என்பதை 2021இல் கோவிட்டுக்குப் பின் வந்த கருப்புப் பூஞ்சை நாடு முழுக்கக் காட்டியது. அப்போது பாதிக்கப்பட்டு எலும்பை இழந்தவர்களுக்கு வழக்கமான லிஃப்ட் பொருந்தாது. கன்ன எலும்பில் ஊன்றும் சைகோமா இம்ப்ளான்ட்டோ, கழற்றி மாட்டும் செட்டோ ஒரு குழுவாகச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

வீக்கத்தைக் குறைக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் அடுத்த இரண்டு மூன்று நாளுக்குச் சுகரை ஏற்றும். சுகர் உள்ளவருக்கு அதைத் தவிர்க்கலாம், அல்லது அந்த நாட்களில் நாளுக்கு நான்கு முறை சுகர் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுபவர் வெறும் வயிற்றில் மயக்க மருந்துடன் அறுவைக்குப் போவதானால் மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இதை உங்கள் சுகர் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். சாப்பிட்டுவிட்டு மரத்துப்போகும் ஊசியில் செய்தால் பொதுவாக அப்படி நிறுத்தத் தேவையில்லை.

ரத்த மெலிவு மருந்துகள்

மருந்தைத் தானே நிறுத்துவது பல் விஷயத்தைவிட நூறு மடங்கு ஆபத்து. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, அதேபோல மாரடைப்பு வந்து ஆறு மாதம் வரை, தள்ளிப்போடக்கூடிய எந்த அறுவையும் வேண்டாம். அதன் பிறகும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் தொடரட்டும்.

இவர்களுக்கு ஜன்னல் முறையில் உள்ள சிக்கல் அந்த வெளிச்சுவர் ரத்தக்குழாய். 2 மி.மீ.க்கு மேல் தடித்திருந்து அறுபட்டால் எலும்புக்குள் அழுத்திப் பிடிக்க முடியாது, ரத்தம் சைனஸுக்குள் இறங்கித் தேங்கும். அதனால் துளை வழி முறையோ குட்டை இம்ப்ளான்ட்டோதான் முதல் தேர்வு. ஜன்னல் தவிர்க்க முடியாதென்றால் பீசோ கருவி, ஜன்னலைச் சிறிதாக ரத்தக்குழாய்க்குக் கீழே வைப்பது, காலை முதல் ஆளாகச் செய்வது ஆகியவை வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அறுவைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும், ஜன்னல் முறைக்கு அது 3ஐத் தாண்டாமல் இருக்கட்டும். அபிக்ஸாபன், டாபிகாட்ரன் சாப்பிடுபவர்கள் ரத்தப்போக்கு அதிகம் எதிர்பார்க்கும் அறுவையன்று காலை வேளை மாத்திரையை மட்டும் விடுவது வழக்கம், இதயநோய் டாக்டர் ஒப்புதலுடன்.

பல் மருந்துச் சீட்டில் சர்வசாதாரணமாக எழுதப்படும் மெட்ரோனிடசோல், வார்ஃபரினுடன் சேர்ந்தால் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லும் அப்படித்தான். அறுவை நல்லபடியாக முடிந்து நாலாம் நாள் ரத்தம் கசிகிறதென்றால் முதலில் இந்தச் சீட்டைப் பாருங்கள்.

எலும்பு மருந்து, ரேடியேஷன், புகையிலை

புற்றுநோய்க்காக ஜொலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடுபவர்களுக்கு லிஃப்ட்டும் வேண்டாம், இம்ப்ளான்ட்டும் வேண்டாம். தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து அந்த அளவில் மிக அதிகம். எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் சாப்பிடுபவருக்கு ஆபத்து சிறியது, ஆனால் நான்கு வருடத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தாலோ ஸ்டீராய்டும் சேர்ந்தாலோ ஏறும். இவர்களுக்கு இரண்டு கட்ட அறுவையைவிட ஒரே முறையில் முடியும் குட்டை இம்ப்ளான்ட் மேல். ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி போடுபவர், பல்லுக்காக அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. மருந்து விட்டதும் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் இருக்கிறது. கடைசி ஊசிக்கு மூன்று நான்கு மாதம் கழித்து அறுவை, ஊசி வழக்கம்போல.

மேல்தாடை 50 கிரேக்கு (கதிர் அளவின் அலகு) மேல் ரேடியேஷன் வாங்கியிருந்தால் லிஃப்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சிகரெட், பீடி பிடிப்பவர் குறைந்தது ஒரு வாரம் முன்பிருந்து எட்டு வாரம் பின்பு வரை விட முடியாதென்றால் பிரிட்ஜுக்குப் போகலாம். குட்கா, பான் மசாலாவால் வாய் இறுகியவர்களுக்கு வேறொரு தடை இருக்கிறது. மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே ஏறக்குறைய 35 மி.மீ. திறக்காவிட்டால் கடைவாய்ப் பகுதியில் கருவியைச் செங்குத்தாகப் பிடிக்கவே இடம் கிடைக்காது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வயது 64, எச்பிஏ1சி 7.6, இதயத் துடிப்புக் கோளாறுக்கு அபிக்ஸாபன், முதல் கடைவாய்ப்பல் இல்லை, எலும்பு 5.5 மி.மீ., சவ்வு 2 மி.மீ., துவாரம் திறந்திருக்கிறது. ஜன்னல் முறைக்கு இவர் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது. ஆனால் சுகர், ரத்தப்போக்கு, நீண்ட காத்திருப்பு மூன்றையும் வாங்கிக்கொண்டு அவருக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு. 6 மி.மீ. இம்ப்ளான்ட்டைச் சவ்வை அரை மி.மீ. மட்டும் தூக்கித் துளை வழியாக வைப்பதுதான் இவருக்குச் சரி. எலும்பு 3 மி.மீ. மட்டுமென்றால் பதில் மாறும். எச்பிஏ1சியை 7க்குக் கீழே கொண்டுவந்து, ஒரே பக்கத்தில் இரண்டு கட்டமாக ஜன்னல் முறை, அல்லது பிரிட்ஜ். பக்கத்துப் பற்களுக்குக் கேப் இருந்தால் தயங்காமல் பிரிட்ஜ்.

சவ்வு கிழிந்தால்

ஜன்னல் முறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சவ்வில் ஓட்டை விழும். 5 மி.மீ.க்குள் என்றால் கொலாஜன் படலமோ நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பிஆர்எஃப் படலமோ வைத்துத் தொடரலாம். 10 மி.மீ.க்கு மேல் போனால் தூள் வைக்காமல் மூடிவிட்டு மூன்று மாதம் கழித்து வர வேண்டும். மேலே சொன்ன நோய்கள் உள்ளவருக்கு 5 மி.மீ. தாண்டினாலே நிறுத்திவிடுவது எங்கள் கருத்து. ஓட்டை வழியே சைனஸுக்குள் சிதறிய தூளை ஆரோக்கியமான சைனஸ் வெளியே தள்ளிவிடும், நோயுற்ற சைனஸ் தள்ளாது.

தூளைப் பற்றி அறுவைக்கு முன்பே கேளுங்கள். அதிகம் பயன்படும் பயோ-ஆஸ் மாட்டெலும்பிலிருந்து எடுப்பது, கொலாஜன் படலங்கள் பல பன்றியிலிருந்து வருபவை. மதத்தாலோ உணவு வழக்கத்தாலோ அது ஒவ்வாதவர்களுக்கு முழுக்கச் செயற்கையான கால்சியம் பாஸ்பேட் தூளும் பிஆர்எஃப் படலமும் இருக்கின்றன. டாக்டர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காமல் நீங்களே கேட்டு, ஒப்புதல் படிவத்தில் பொருளின் பெயரை எழுத வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதும், நாதஸ்வரமோ புல்லாங்குழலோ ஊதுவதும், மூச்சைப் பிடித்துச் செய்யும் பிராணாயாமமும், கனமான பொருள் தூக்குவதும் அந்த நாட்களில் வேண்டாம். விமானப் பயணத்தையும் அவ்வளவு நாள் தள்ளிப்போடுவது நல்லது. மூக்கடைப்புக்குத் தரும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். பெனிசிலின் ஒவ்வாதவர் கிளிண்டாமைசினுக்குப் பதில் டாக்சிசைக்ளின் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம், சைனஸ் கிருமிகளில் சிலவற்றைக் கிளிண்டாமைசின் பிடிப்பதில்லை.

முதல் இரண்டு நாள் மூக்கில் லேசாக ரத்தம் வருவது இயல்பு. மூக்கிலிருந்து மணல் போன்ற துகள் விழுந்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் ஏறினாலோ, ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தாலோ அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். சுகர் உள்ளவருக்குக் கன்னம் மரத்துப்போனாலோ, மேலண்ணத்தில் கருப்பாகத் திட்டு தெரிந்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பல் டாக்டருக்காகக் காத்திருக்காமல் ஈஎன்டி வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த மணி நேரத்திலேயே போக வேண்டும்.